பதினாலு கேக்கும் ஒரு மீன் தட்டும்

மெட்டில்டா பொய் சொல்லுவாள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பொய் சொல்கிறவர்களுக்கு எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று ஒரு பயம் இருக்கும். மெட்டில்டாவுக்கு அந்தப் பயம் பிறந்த நாளிலிருந்தே கிடையாது. தூத்துக்குடி மீன் சந்தையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுப்பது அவள் தொழில். அரைக் கிலோ நெத்திலியை ஆய்ந்து முடிப்பதற்குள் நடுக்கடலில் ஒரு கப்பலைக் கவிழ்த்து, அதில் இருந்தவர்களை எல்லாம் கரை சேர்த்து, ஆளுக்கு ஒரு தட்டுச் சோறும் போட்டு அனுப்பிவிடுவாள். பாதிக் கதையில் எழுந்து போக மனசு வராமல், வேண்டாத மீனை இன்னொரு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்டவள், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம் மூணு மணிக்கு, துணி போட்டு மூடிய ஒரு தகரத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சவரிராயன் மாஸ்டர் பேக்கரியின் பின்வாசலுக்கு வந்தாள்.

அந்தப் பின்வாசல் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாஸ்டருடையது செங்கல் அடுப்பு. விறகு போட்டு எரித்து, கரியை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டி சுடுவார். கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும், ரொட்டி இறங்கியதும் அடுப்பைத் தெருப் பெண்களுக்கு விட்டுவிடுவார். அவரவர் வீட்டில் முட்டையும் மாவும் அடித்துக் கலக்கி, தட்டில் ஊற்றி, பெயர் எழுதின சீட்டோடு கொண்டுவந்து நிற்பார்கள். அடுப்பு முதலில் ரொம்பச் சூடாக இருக்கும். அது அடங்கும் வரைக்கும் காத்திருந்து, சரியான பதத்தில் எல்லாத் தட்டையும் ஒரே தடவையில் உள்ளே தள்ளி மூடிவிட வேண்டும். அன்றைக்கு அப்படிக் காத்திருந்தவர்கள் பதினாலு பேர்.

மாஸ்டர் மெட்டில்டாவின் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பிஸ்கட்டு மாஸ்டர்."

"மீன் வாடை அடிக்கே."

"மீன் பிஸ்கட்டு."

"யாரு திங்கதுக்கு?"

"நாய்க்கு," என்றாள் மெட்டில்டா.

பதினாலு பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அடுப்பு விஷயத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இந்தா பாரும்மா, செங்கலு வாடையைக் குடிச்சிரும். உன் தட்டு உள்ள போனா எல்லாக் கேக்கும் அந்த வாடையிலதான் வேகணும். கேக்கு வச்சிருக்கிற பதினாலு பேரும் சரின்னு கையைத் தூக்குனா வைக்கேன். ஒருத்தர் வேண்டாம்னாலும் வைக்க மாட்டேன்."

"நான் வேண்டாங்கேன்," என்றார் வரிசையின் முதல் ஆளாக நின்ற அமலோற்பவம் டீச்சர். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கினவர்கள். "என் கேக்கு நாளைக்கு சம்பந்தி வீட்டுக்குப் போவுது. அந்தம்மா ஏற்கெனவே என் கைப்பக்குவத்துல குத்தம் கண்டுபிடிக்கணும்னு காத்துக் கிடக்கா. நாய்த் தீனி வாடையோட நான் போயி நிக்கவா?"

மெட்டில்டா தட்டைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் திரும்பி எடுத்துக்கொண்டு போகவேண்டி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

உண்மை என்னவென்றால், அவளுடைய ஒரே மகன் கிளிட்டஸ் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்து நாலு நாளைக்கு முன்னால் கிளம்பிப் போனான். திரும்பி வர ஒன்பது மாதம். குட்டியாக இருந்த நாளிலிருந்து அவன் கையாலேயே தின்று வளர்ந்த நாய் சிப்பி, அவன் ஏறிய ஆட்டோவின் பின்னால் துறைமுகக் கேட் வரைக்கும் ஓடியது. பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து வாசலில் படுத்தது. அதற்கப்புறம் ஒரு வாய் தின்னவில்லை. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்தான் சொன்னார்: மீனை அவித்து, முள்ளை எல்லாம் எடுத்து, முட்டையும் கோதுமை மாவும் போட்டுப் பிசைந்து, உப்பு சேர்க்காமல், வெங்காயம் சேர்க்காமல், பேக்கரி அடுப்பில் மொறுமொறுவென்று சுட்டுக் கொடுத்துப் பார், அந்த மணத்துக்கு வாயைத் திறந்தாலும் திறக்கும். தோசைக்கல்லில் போட்டுப் பார்த்தாள், உதிர்ந்து கரிந்துபோயிற்று. ஆகக் கூடி, மெட்டில்டா தன் ஆயுசில் இதுவரைக்கும் ஒரு மீன் பிஸ்கட்டும் சுட்டதில்லை.

இதை அப்படியே சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். ஆனால் மெட்டில்டாவுக்குக் கெஞ்ச வராது. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அழுதுவிடுவோம் என்ற பயம் வேறு. பதினாலு பேர் முன்னால் அழுவதைவிட அவளுக்கு வேறு ஒரு வேலை சுலபமாக வரும். அந்த வேலையில் இறங்கினாள்.

"நாய்த் தீனியா? டீச்சர், இந்தப் பிஸ்கட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேக்கைத் தூக்கித் தெருவுல வச்சிட்டு இதுக்கு இடம் விட்டிருப்பீங்க."

"ஆரம்பிச்சிட்டா," என்றாள் வரிசையின் கடைசியில் நின்ற ஜெனிட்டா. கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் அவளுக்கு. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது.

"போன வருஷம் ஒரு தட்டு சுட்டு ஜன்னல்ல ஆற வச்சேன். கையைக் கழுவிட்டு வந்து பார்க்கேன், வாசல்ல எழுபது நாய். எங்க தெரு நாய், பக்கத்துத் தெரு நாய், திருச்செந்தூர் பஸ்ல வந்து இறங்குன நாய்."

"நாய்க்கு யாரு டிக்கெட் எடுத்தா, அக்கா?"

"அது நாய்க்கும் கண்டக்டருக்கும் உள்ள விஷயம். நான் ஏன் கேக்கேன்?"

"எழுபது நாயும் ஒண்ணையொண்ணு கடிச்சுக் குதறியிருக்குமே," என்றார் டீச்சர்.

"கடிக்கதாவது. வரிசையில நின்னுச்சு டீச்சர். உங்களை மாதிரி இடிச்சுக்கிட்டு இல்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா. குட்டி போட்டு மூணு நாள் ஆன ஒரு நாயி வந்துச்சு, எல்லாம் விலகி அதை முன்னால விட்டுச்சு. நடுவுல ஒரு டாக்டர் வீட்டு அல்சேஷன் நின்னுச்சு. பாவம், அதுக்கு என்ன அவசரமோ, கழுத்துப் பட்டையைக் கழட்டி வரிசையில வச்சிட்டுப் போச்சு. நாம குழாயடியில குடத்தை வச்சிட்டுப் போறோம்லா, அந்த மாதிரி. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பட்டையை எடுத்துக்கிட்டு அதே இடத்துல நின்னுச்சு. ஒரு நாய் 'நான்தான் முன்ன வந்தேன்'னு வாயைத் திறக்கலை."

"பட்டையைத் தன் கழுத்துல இருந்து தானே எப்படிக் கழட்டும்?" டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"பின்னால நின்ன நாய் கழட்டி விட்டுச்சு. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை இல்லாம எப்படி டீச்சர்?"

ஜெனிட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குச் சம்மதம், மாஸ்டர். அவங்க தட்டையும் வைங்க," என்று கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு கை மேலே போயிற்று.

மாஸ்டர் ஒரு பிடி மாவை எடுத்து அடுப்புக்குள் வீசினார். விழுந்த மாத்திரத்தில் மாவு கறுத்துப்போனது. இன்னும் ரொம்பச் சூடு. "காத்திருங்க," என்றார். மாவு பொன்னிறமாக மாறுகிற அந்த நிமிஷத்தில்தான் தட்டுகள் உள்ளே போகும். அதற்குள் இன்னும் ஒன்பது கையைத் தூக்க வைக்க வேண்டும். மெட்டில்டா இடுப்பை மாற்றித் தட்டை இடுக்கிக்கொண்டாள்.

"எழுபது நாய் வந்ததோட முடிஞ்சுதுன்னு நினைக்கீங்களா? அன்னைக்குக் காத்து மேற்கால அடிச்சுது. இந்த மணம் ஊரைத் தாண்டிப் போயிட்டு. எங்கேயோ ஒரு ஊர்ல ஒரு வீட்டுல நகை களவு போயிருக்கு. போலீஸ் நாயைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. அது பீரோவை மோந்துச்சாம், கதவை மோந்துச்சாம், வெளிய வந்து காத்தை மோந்துச்சாம். அவ்வளவுதான். ரெண்டு பாலம், ஒரு ரயில்வே கேட்டு, எல்லாத்தையும் தாண்டி ஓடி வந்து என் அடுக்களையில உக்காந்துட்டு."

"போலீஸு?"

"பின்னாலேயே இன்ஸ்பெக்டரு. கயிறை விடாமப் பிடிச்சுக்கிட்டு ஓடியாந்ததுல பூட்ஸு ஒண்ணு வழியில போயிட்டு அவருக்கு. வந்ததும் வராததுமா 'எடு நகையை'ங்காரு. 'சார், எங்கிட்ட இருக்கது இந்த மூக்குத்தி ஒண்ணுதான், அதுவும் எங்க அம்மை போட்டது'ன்னேன். நம்பலை. அரிசிப் பானை, மாப் பானை எல்லாத்தையும் கவுத்துத் தேடுனாரு. தேடுனதுல பசி வந்துட்டு. தட்டுல பிஸ்கட்டு இருக்கதைப் பார்த்தாரு. நாய்க்குள்ளதுன்னு நான் சொல்ல வாயெடுக்கதுக்குள்ள ஆறு உள்ள போயிட்டு. சொல்லி முடிக்கதுக்குள்ள ஏழு."

"ஐயோ," என்றாள் யாரோ ஒருத்தி.

"மூக்கு ரெண்டு தடவை துடிச்சுது அவருக்கு. அப்படியே குனிஞ்சாரு. தரையை மோந்தாரு. எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சவருதான், நேரா உப்பளத்துக்குப் போயி, உப்புக் குவியலுக்குள்ள ஒளிஞ்சிருந்த கள்ளனைக் காலைக் கவ்வி இழுத்துட்டு வந்துட்டாரு. கள்ளனைப் பிடிச்சது இன்ஸ்பெக்டரு. கயிறைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடுனது நாயி."

பேக்கரிப் பின்வாசலில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்ட இரண்டு பேர் ஓடினார்கள்.

"இப்ப அந்த ஸ்டேஷன்ல நாற்காலியில உக்காந்து மனு வாங்குறதே அந்த நாய்தான்," என்று மெட்டில்டா முடித்தாள்.

"மனு வாங்குனா கையெழுத்துப் போடணுமே," என்றார் டீச்சர் விடாமல்.

"கைநாட்டுதான் டீச்சர். அதுக்கு யாரு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தா? உங்க கிட்டப் படிச்சிருந்தா போட்டிருக்கும்."

டீச்சரின் உதடு கொஞ்சம் இழுத்தது. ஆனால் கை மேலே போகவில்லை. மற்றவர்களில் நாலு பேர் தூக்கினார்கள். ஆக ஒன்பது. மாஸ்டர் மறுபடியும் மாவை வீசினார். இந்தத் தடவை உடனே கறுக்கவில்லை, காப்பித்தூள் நிறத்தில் நின்றது. "இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்றார்.

மெட்டில்டாவுக்குக் கை வலித்தது. வாசலில் படுத்துக் கிடக்கும் சிப்பியின் விலா எலும்பு கண்ணுக்குள் வந்து நின்றது. காலையில் அதை எண்ணியிருந்தாள். எண்ண முடிந்ததே அவளுக்குத் தாங்கவில்லை. அதை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"கரையில நடந்ததைத்தான் சொன்னேன். கடல்ல நடந்ததைக் கேட்டா நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போக மாட்டீங்க. எங்க மச்சான் ஒருத்தர் வள்ளத்துல போனாருல்லா, அவர் மடியில ஒரு பிஸ்கட்டைக் கட்டிவிட்டேன். போற வழியில ஏதாவது படகுல நாய் இருந்தா போடட்டும்னு. நடுக்கடல்ல அது தவறித் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. விழுந்த இடம் கொதிச்சுது. பார்த்தா சுறா. இந்தப் பேக்கரி நீளத்துக்கு ஒரு சுறா."

"மீனுக்கு மீன் பிஸ்கட்டா?" என்றாள் ஜெனிட்டா. "சொந்தக்காரனையே தின்னுமா அது?"

"நம்ம ஊர்ல சொந்தக்காரனைத் தின்னாத ஆளு யாரு இருக்கா, சொல்லு."

இதற்கு எழுந்த சிரிப்பு மற்றதை விடப் பெரியது. பதினாலு பேரில் எத்தனை பேருக்கு மாமியார் ஞாபகம் வந்ததோ, எத்தனை பேருக்கு நாத்தனார் ஞாபகம் வந்ததோ தெரியாது.

"தின்னுட்டு வாலை ஆட்டுச்சு. சுறா வாலை ஆட்டுனா சும்மாவா? ஒவ்வொரு ஆட்டுக்கும் வள்ளம் ரெண்டு பனை உயரம் ஏறி இறங்குது. மச்சான் கையெடுத்துக் கும்பிட்டு, 'ஆத்தா, ஆட்டாத'ங்காரு. அன்னையிலேர்ந்து அது வள்ளத்து கூடவே வருது. வலையை வாயில கவ்வி வீசுது, மீனு சேர்ந்ததும் இழுத்துக் குடுக்குது. வேற வள்ளம் பக்கத்துல வந்தா உர்ருங்குது. சாயங்காலம் கரைக்கு வந்ததும் ஆழமில்லாத இடத்துல நின்னு பார்க்கும். மச்சான் 'போ, நாளைக்கு வா'ன்னு சொல்லணும். சொல்லலைன்னா போவாது. ஒரு நாள் மறந்துட்டாரு. ராத்திரி முழுக்க அலைவாய்க் கரையில நின்னுக்கிட்டே இருந்திருக்கு, பாவம்."

"இவ்வளவு புத்தியுள்ள சுறாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"பேரு வச்சா ஞானஸ்நானம் குடுக்கணும் டீச்சர். அதைக் கோயில் வரைக்கும் யாரு தூக்கிட்டுப் போறது?"

அந்தப் பதிலோடு பதிமூணு கை. ஒரு கைதான் பாக்கி. அந்தக் கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தது. "முப்பத்தைந்து வருஷமா பிள்ளைகளோட புளுகைக் கேட்டவ நான். நாய் நோட்டைத் தின்னுட்டு, பாட்டி செத்துட்டா, அதே பாட்டி மறுபடியும் செத்துட்டான்னு எல்லாம் கேட்டிருக்கேன். சுறாவுக்கெல்லாம் நான் கையைத் தூக்க மாட்டேன்," என்றார் டீச்சர்.

அடுப்பு வாயைப் பார்த்தபடி மாஸ்டர் ஒரு பிடி மாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். இதுதான் கடைசிக் கதை என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்தாள்.

"சரி, சுறா வேண்டாம். கப்பல் போதுமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நின்னுட்டு. ஏழு மாடிக் கப்பல். இஞ்சின் மூச்சு விடலை. இழுவைப் படகு நாலு போச்சு, அசைக்க முடியலை. வெள்ளைக்காரக் கேப்டன் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. எனக்கு ஆள் விட்டாங்க. நான் போயி என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யலை. ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்து, மூங்கில் கம்புல கட்டி, துறைமுகத்துச் சுவருல நட்டு வச்சேன். கப்பல்லேர்ந்து ஒரு வடத்தைக் கீழ விடச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அந்த எழுபது நாயா?" ஜெனிட்டாவுக்கு மூச்சு வாங்கியது.

"எழுபதா? அன்னைக்கு நானூறு. தண்ணிக்குள்ள குதிச்சு வடத்தை வாயில கவ்வுச்சு பாரு, கப்பல் வருது. சும்மா வரலை, அலையைக் கிழிச்சுக்கிட்டு வருது. 'நிறுத்து, நிறுத்து'ன்னு கேப்டன் கத்துதாரு. நிறுத்த முடியலை. நான் போயி கம்பைப் புடுங்கி பிஸ்கட்டை மடியில மறைச்சு வச்ச பிறகுதான் நின்னுச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா கப்பலு கரையேறி மாதா கோயில் வாசல்ல வந்து நின்னிருக்கும். கேப்டன் இறங்கி வந்து எனக்கு சல்யூட் அடிச்சாரு. 'அம்மா, உன் கையில ஒரு பிஸ்கட்டு இருந்தா உலகத்துல எந்தக் கப்பலையும் திரும்பக் கொண்டாந்திரலாம்'னாரு."

எல்லாரும் கையைத் தட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. கணக்கில் ஓட்டை கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு ஓரடி முன்னால் வந்தார்.

"எந்தக் கப்பலையுமா?"

"எந்தக் கப்பலையும்."

"அப்போ போன வெள்ளிக்கிழமை உன் மவன் ஏறிப் போன கப்பலை ஏன் இழுக்கலை?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு மேல் மெட்டில்டாவுக்குக் கதை ஓடவில்லை. அவள் ஆயுசில் அப்படி ஆனது இதுதான் முதல் தடவை. கப்பல் சின்னதாகிச் சின்னதாகிப் போனது, சிப்பி கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது, எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது.

"இழுக்க முடியலை டீச்சர்," என்றாள். "அன்னைக்கு எங்கிட்ட பிஸ்கட்டு இல்ல. நான் இது வரைக்கும் சுட்டதே இல்ல. இதுதான் முதல் தட்டு. கிளிட்டஸ் போனதுலேர்ந்து சிப்பி நாலு நாளா ஒண்ணும் திங்கலை. சாளை மீன் வச்சேன், மூஞ்சியைத் திருப்பிக்கிடுச்சு. சீலா மீன் துண்டை அவிச்சு வச்சேன், எந்திரிச்சு வேற பக்கம் போய்ப் படுத்துட்டு. பாலு வச்சேன், ஈ மொய்ச்சுது. அதைப் பார்த்து எனக்கும் சோறு இறங்கலை. நாங்க ரெண்டு பேரும் வாசலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணா உக்காந்து தெருவைப் பார்த்துக்கிட்டே இருக்கோம். இதைச் சுட்டுக் குடுத்தாலாவது திங்குமான்னுதான் வந்தேன்."

உண்மையைச் சொல்லுவதற்கென்று அவளிடம் தனிக் குரல் ஒன்று கிடையாது. சுறாவைச் சொன்ன அதே குரலில்தான் இதுவும் வந்தது.

ஜெனிட்டாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். "மீன் வெட்டுற வீட்டு நாயி மீன் வேண்டாங்குதாம்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சீலா மீன், அக்கா? என் புருஷனுக்கே நான் சீலா மீன் வச்சதில்ல, நாய் வேண்டான்னு போயிட்டா?" அவ்வளவுதான், பதிமூணு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அமலோற்பவம் டீச்சரும் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்குச் சோறு இறங்கலையா? நேத்து சந்தையில மூணு மணி நேரம் உக்காந்து பேசினியேட்டி, நான் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்."

"நெசமாத்தான் டீச்சர்."

"ஆமா, அதையும் கூடச் சேர்க்கணும்லா, அப்பத்தான் கதை நிக்கும்." டீச்சர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார். "நாயாம், விரதமாம், ஆளுக்கொரு பக்கமா உக்காந்து தெருவைப் பார்க்காங்களாம். முப்பத்தைந்து வருஷத்துல இப்படி ஒண்ணு நான் கேட்டதில்ல. தோத்துட்டேன் மாஸ்டர். வைங்க அவ தட்டை." கையைத் தூக்கினார்.

மாஸ்டர் மாவை வீசினார். பொன்னிறமாக நின்றது. நீளக் கரண்டிப் பலகையில் பதினாலு கேக்கையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, மெட்டில்டாவின் தட்டை ஒரு மூலையில் செருகி, தகரக் கதவை மூடினார்.

மெட்டில்டாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எழுபது நாயை எவ்வளவு பாடுபட்டு வரிசையில் நிறுத்தினாள், இன்ஸ்பெக்டரை எப்படி ஓட விட்டாள், நானூறு நாயைக் கடலில் இறக்கினாள். அதற்கெல்லாம் தூக்காத கையை, அவள் ஒரு சொல்லும் கட்டாமல் சொன்னதற்குத் தூக்கிவிட்டாரே இந்த டீச்சர் என்று இருந்தது. ஆனால் தட்டு உள்ளே போய்விட்டது. அது போதும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜெனிட்டா நீட்டின முறுக்கை வாங்கிக் கடித்தாள். அவளுக்கே பசித்தது.

கேக்குகளில் மீன் வாடை ஏறியதா என்று கேட்பீர்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது ஏறியிருந்தாலும் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். டீச்சரின் சம்பந்தியம்மா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்றார் என்று கேள்வி.

அன்றைக்குச் சாயங்காலம் மெட்டில்டா பிஸ்கட்டுகளை ஆற வைத்து, ஒன்றைச் சிப்பியின் முன்னால் வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டது. பிறகு என்ன தோன்றியதோ, தரையில் அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, கிளிட்டஸ் நீட்டுகிற மாதிரி நீட்டினாள். சிப்பி அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு பல் படாமல் உதட்டால் எடுத்து, மெதுவாக மென்றது. இன்னொன்றை நீட்டினாள். அதையும் தின்றது. மெட்டில்டா அழுது தீர்த்தாள். அழுகிறதை நாயைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்பதால் நிறையவே அழுதாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது டீச்சரும் ஜெனிட்டாவும் இன்னும் நாலைந்து பேரும் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எல்லாரும் புதுச்சேலை. எல்லார் முகத்திலும் கதை கேட்கிற ஆசை.

"என்ன மெட்டில்டா, உன் நாய் விரதத்தை முடிச்சுதா?" என்றார் டீச்சர்.

"ரெண்டு பிஸ்கட்டு தின்னுச்சு டீச்சர்."

சொல்லும்போதே அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணி குடிச்சுது."

"தண்ணி குடிச்சிட்டு?"

"தூங்கிட்டு."

"ரெண்டு பிஸ்கட்டா, இருநூறா?" என்று ஜெனிட்டா எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். "தின்னுட்டு எங்கேயும் ஓடலையா? கப்பலு கிப்பலு எதையும் இழுக்கலையா?"

"இல்லட்டி. ரெண்டே ரெண்டு பிஸ்கட்டு," என்றாள் மெட்டில்டா. அதற்கு மேல் ஒரு நாயைச் சேர்க்கவோ ஒரு கப்பலைச் சேர்க்கவோ அவளுக்கு மனசு வரவில்லை.

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"என்னட்டி, உடம்பு சரியில்லையா உனக்கு?"